தஞ்சாவூரில் விளையாத செடி

(தஞ்சாவூரில் வீட்டுத்தோட்ட நண்பர்களின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் மல்லிகைக் கவாத்து, மாடியில் பந்தல் காய்கறி, மண்புழு உரம் என்று கையோடு செய்து பார்க்கிற விஷயங்களைத்தான் வழக்கமாகப் பேசுகிறோம். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது, இந்த ஜில்லா முழுக்கச் சுற்றினாலும் ஒரு தோட்டமாகக் காண முடியாத செடி. ஆனால் அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்காமல் இங்கே ஒரு நடவு நடக்காது, ஒரு அறுப்பு நடக்காது, ஒரு துக்க வீட்டில் இரவு கழியாது. காப்பிக்குப் பேர்போன கும்பகோணம் இவ்வளவு கிட்ட இருக்கும்போது காப்பியை விட்டுவிட்டுத் தேயிலையைப் பற்றியா பேசுவது என்று சிலருக்கு மனத்தாங்கல் இருக்கலாம். காப்பியும் இந்தக் கதையில் வருகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது ஒரத்தநாடு பக்கம். வேலை பார்த்தது வால்பாறை மலையில், தேயிலைத் தோட்டத்தில். நெல்லுக்கு நடுவே பிறந்து தேயிலைக்கு நடுவே பிழைத்ததால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இன்றைய பேச்சும் அப்படித்தான் போகும்.

முதலில் செடி. தாவரவியலில் இதற்குக் கமேலியா சைனென்சிஸ் என்று பெயர். சீன வகை ஒன்று, அசாம் வகை ஒன்று. சீனத்துக்குச் சிறிய இலை, குளிரைத் தாங்கும். அசாமுக்குப் பெரிய இலை, வெட்டாமல் விட்டால் மரமாகவே போய்விடும். நாம் படத்தில் பார்க்கிற இடுப்பளவுப் புதர், மனிதர் வெட்டி வெட்டி அடக்கி வைத்த மரம். அந்தப் புதரின் அடியில் குனிந்து பாருங்கள். மேலே பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும். அடியிலோ தொடைப் பருமனுக்கு முண்டும் முடிச்சுமாக ஒரு தண்டு. சில தோட்டங்களில் அந்தத் தண்டுக்கு நூறு வயசு. பூவும் உண்டு. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம் கொத்தாக. பூ பூத்தால் தோட்டக்காரருக்கு மகிழ்ச்சி கிடையாது. இலைக்குப் போக வேண்டிய சத்து பூவுக்குப் போகிறதே என்பார்.

நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியைக் கவாத்து செய்வார்கள். இலையே இல்லாமல் வெறும் குச்சியாக வெட்டி நிறுத்திவிடுவார்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்குத் தோட்டத்தையே கொன்றுவிட்டார்களோ என்று தோன்றும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. செடியின் வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, குறுக்கே நறுக்கி, வெட்டின முகத்தில் அயோடின் சொட்டு விடுவார்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது, வெட்டலாம். நிறம் ஏறாவிட்டால் வெட்டக் கூடாது, இலையை விட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். மீண்டும் துளிர்க்கிற வரைக்கும் செடி அந்தச் சேமிப்பைச் சாப்பிட்டுத்தான் உயிரோடு இருக்கும். மல்லிகையையும் ரோஜாவையும் கவாத்து செய்துவிட்டு ‘பட்டுப்போச்சே’ என்று என்னிடம் வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இளைத்துப்போன செடியில் கத்தி வைக்காதீர்கள். முதலில் அதற்குச் சாப்பாடு போட்டுத் தேற்றுங்கள்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். இங்கே வளருமா? தோட்டமாக வளராது. காரணத்தைக் கேட்டால் நம் மண்ணின் அருமையும் சேர்த்துப் புரியும். தேயிலைக்கு வேண்டியது புளிப்பு மண். பி.எச். 4.5-லிருந்து 5.5-க்குள் இருக்க வேண்டும். நம் காவிரி வண்டல் 7-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ நிற்கும். தேயிலை வேருக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. மலைச்சரிவில் எவ்வளவு மழை கொட்டினாலும் ஓடி வடிந்துவிடும். வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. அங்கேயும் தேயிலை வேர் அழுகுவதில்லை. நம் களிமண்ணோ தண்ணீரைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். நெல்லுக்கு அதுதான் வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் வயலில் தண்ணீர் நின்றால் சம்பாப் பயிர் பிழைத்துக்கொள்ளும், தேயிலைக் கன்று செத்துப்போகும். போதாக்குறைக்கு நம் சித்திரை வெயில்.

தொட்டியில் ஒன்றிரண்டு வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வைக்கலாம். அதை எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உண்மையில் அதற்காகத்தான் இந்தப் பேச்சுக்கே ஒப்புக்கொண்டேன்.

தேயிலை நம் மண்ணில் வளரவில்லை. ஆனால் இலங்கையிலும் ஆனைமலையிலும் நீலகிரியிலும் அதை வளர்த்த கைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டுச் சமவெளியின் நெல் நாட்டிலிருந்தும் புன்செய்க் காட்டிலிருந்தும் போன கைகள். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று பட்டியல் நீளும். போனவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாதவர்கள். பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள், கடன்பட்டவர்கள், தாது வருஷப் பஞ்சத்தில் வயிறு காய்ந்தவர்கள்.

இவர்கள் முதலில் போனது தேயிலைக்கு இல்லை, காப்பிக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை மலைகளில் இருந்தது காப்பித் தோட்டம். தோட்டக்கலை தெரிந்த உங்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். காப்பியில் எடுப்பது பழம். பழம் வருஷத்தில் ஒரு பருவத்தில்தான் பழுக்கும். ஊரில் நெல் வேலை ஓய்ந்த மாதங்களில் கிளம்பிப் போய், பழம் பறித்து முடித்து, கையில் கொஞ்சம் காசோடு திரும்பி வந்துவிடலாம். அப்படித்தான் வருஷந்தோறும் போய்வந்தார்கள். போய்வருவது என்று சுலபமாகச் சொல்கிறேன். தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியில் நடை. குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காது. காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் அந்த வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் யாரும் இல்லை. இருந்தாலும் பிழைத்தவர்களுக்கு ஊர் இருந்தது. அடுத்த நடவுக்கு ஊரில் இருந்தார்கள்.

1869-ல் இலங்கைக் காப்பியில் ஒரு பூசணம் கண்டுபிடிக்கப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் துரு மாதிரி படரும். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இருபது வருஷத்துக்குள் அந்தத் தீவின் காப்பியை அது தின்று தீர்த்துவிட்டது. அதற்கு முன்பே, 1867-ல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பி விழுந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். முப்பது வருஷத்தில் இலங்கையில் தேயிலை மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

இதன் பிறகு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. தேயிலையில் எடுப்பது கொழுந்து. அதற்குப் பருவம் கிடையாது. பறித்த இடத்தில் பத்து நாளில் மறுபடி துளிர்க்கும். விட்டுவிட்டால் முற்றிப்போகும், தோட்டம் கெடும். ஆகவே வருஷம் பூரா ஆள் வேண்டும். அதிலும் விரல் நுனியால் கிள்ளி எடுக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகளும் வர வேண்டும். குடும்பத்தோடு குடியேற்றினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாகக் கட்டி லயம் என்றார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியின் கணக்கில் கடன் ஏறிக்கொண்டே போனது. போய்வருகிற வாழ்க்கை அதோடு முடிந்தது. பழம் கொடுக்கிற செடி போய் இலை கொடுக்கிற செடி வந்ததில் லட்சக்கணக்கான சனத்துக்குத் திரும்பி வருகிற வழி அடைபட்டது. முதலாளியின் பேராசை, அரசாங்கத்தின் சட்டம், சாதிக் கொடுமை எல்லாம் இதில் உண்டு. நான் எதையும் மறைக்கவில்லை. செடிகளை நேசிக்கிற நாம், ஒரு செடியின் இயல்புக்கு இவ்வளவு பலம் உண்டு என்பதையும் கூடவே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்ததும் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் இந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் இல்லை என்று ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. மனிதர்களை மூட்டைக் கணக்கில் பிரித்த ஒப்பந்தம் அது. நாலைந்து தலைமுறைக்குப் பிறகு, பார்த்தே இராத ஊருக்குத் ‘தாயகம் திரும்புகிறவர்கள்’ என்று பெயர் சூட்டிக் கப்பலேற்றினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசாங்கம் தேயிலை நட்டது. அதுதான் 1976-ல் டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக ஆனது. அடுத்தமுறை டான்டீ பாக்கெட் வாங்கும்போது அதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன சனத்தின் கதை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவலும் அப்படித்தான். இரண்டையும் படிக்காதவர்கள் படித்துவிடுங்கள்.

கொழுந்து பறிக்கிற பெண் என்றால் நமக்கு ஞாபகம் வருவது பாக்கெட்டில் அச்சிட்ட சிரித்த முகம். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். விடிந்தும் விடியாமலும், ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். இடுப்பில் படங்கு கட்டியிருப்பார்கள், கவாத்துக் குச்சி வயிற்றைக் கிழிக்காமல் இருக்க. மழையில் அட்டை காலோடு ஏறும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஒடிப்பார்கள். நகத்தால் கிள்ளினால் காம்பு கருத்துவிடும். மொட்டின் மேல் வெள்ளி நிறத்தில் மெல்லிய ரோமம் இருக்கும். வெயில் சாய்வாக விழும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும். இரண்டு கையும் சேர்ந்து ஓடும், கண் அடுத்த கொழுந்தில் இருக்கும். இப்படிப் பறித்த நாலு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் வரும். சாயங்காலம் அந்த விரல்களைப் பார்த்தால் கறை ஏறிக் கருத்து, வெடித்திருக்கும். நம் நடவுப் பெண்களின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருமே, அதே கணக்கு.

இப்போது வால்பாறையில் கொழுந்து பறிக்க அசாம், ஜார்க்கண்ட் ஆட்கள் வந்திருக்கிறார்கள். இங்கே திருவாரூர்ப் பக்கம் நடவுக்கு வங்காளத்து ஆட்கள் வருகிறார்கள். நம் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். போனது நல்லது என்றுதான் சொல்வேன். வந்தவர்களையாவது முன்னவர்களை நடத்தினதைவிட மரியாதையாக நடத்த வேண்டும்.

சரி, இலை இங்கே எப்படி வந்தது? ரொம்ப காலம் வெள்ளைக்காரர்கள் இந்தியத் தேயிலையை ஏற்றுமதிக்குத்தான் வளர்த்தார்கள். 1903-ல் சட்டம் போட்டு, ஏற்றுமதித் தேயிலை மீது ஒரு சிறு வரி வாங்கி, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். 1930-களில் உலகச் சந்தை சரிந்தது, தேங்கின தேயிலையை யாரிடமாவது விற்க வேண்டும். அப்போதுதான் நம் மக்கள் மேல் முழுசாகக் கண் வைத்தார்கள். சந்தை, திருவிழா, ரயிலடி என்று போய் இலவசமாகக் காய்ச்சிக் கொடுத்துப் பழக்கினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் தமிழ்நாட்டில் காப்பிக்கும் டீக்கும் இருந்த சாதி, வர்க்கப் பிரிவினையை விரிவாக எழுதியிருக்கிறார். அதே 1930-களில் அசாமில் கண்டுபிடித்த சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கியது. ஒரு சிட்டிகை போட்டால் கருகருவென்று இறங்கும், பாலை எதிர்த்து நிற்கும், விலையும் குறைவு. டெல்டா கூலிக்காரர் கைக்கு எட்டிய பானம் அதுதான். இன்றைக்கு இந்தியா வருஷத்துக்குச் சுமார் 130 கோடி கிலோ தேயிலை எடுக்கிறது. ஐந்தில் நாலு பங்கை நாமே குடித்துவிடுகிறோம்.

நம் பக்கத்து டீக்கடைக்கு இரண்டு முகம் உண்டு. உழைக்கிற சனம் உட்கார்ந்து பேப்பர் படித்ததும், படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டதும், கூலி உயர்வைப் பற்றி முதல் பேச்சு எழுந்ததும் அங்கேதான். அதே கடையில் தலித் மக்களுக்குத் தனிக்குவளை இருந்தது. சில ஊர்களில் கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். பி. சீனிவாசராவ் போன்ற பொதுவுடைமைத் தலைவர்கள், இந்த மண்ணில் பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் சங்கம் கட்டின சரித்திரம் நமக்குத் தெரியும். தனிக்குவளையும் தானாக ஒழியவில்லை. அடி வாங்கி ஒழித்தார்கள். இலங்கை லயத்தில் அந்த இலையைப் பறித்த சனத்தின் சொந்தக்காரர்களுக்கே அதை வேறு குவளையில் ஊற்றினோம் என்பது டெல்டாக்காரர்களான நாம் விழுங்க முடியாத உண்மை.

இன்னொன்று. நெல்லுக்கு ஆதரவு விலை இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைகிறது, காத்திருக்க வைக்கிறார்கள் என்று நமக்கு ஆயிரம் குறை இருந்தாலும் ஒரு விலை அறிவிக்கிறார்கள். நீலகிரியில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கிற சிறு தேயிலை விவசாயிகள் பல்லாயிரம் பேர். அவர்களுடைய பச்சைத் தேயிலைக்கு அப்படி ஒன்று இல்லை. மாதாமாதம் ஏலத்தின் போக்கை வைத்துத் தேயிலை வாரியம் ஒரு சராசரி சொல்லும். பறிகூலிக்கே கட்டவில்லை என்று அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நெல் விவசாயிகள் சங்கம் அவர்களுக்காக ஒரு தீர்மானம் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இனி நம் வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டு இட்லிப்பூச் செடியில் இளம் இலை மஞ்சளடித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண்ணும் போர்த் தண்ணீரும் காரமாக இருப்பதால் வேரால் எடுக்க முடியவில்லை. தேயிலைக்கு இது இன்னும் மோசமாக வரும். ஆகவே தொட்டியில் வைக்கிறவர்கள் காவிரி வண்டலைத் தொடாதீர்கள். வல்லம் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, மக்கின இலை உரம் ஒரு பங்கு, கழுவின தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. கலந்து பி.எச். பாருங்கள். 5.5-க்கு மேல் இருந்தால் கந்தகத் தூளைக் கொஞ்சமாகக் கலந்து ஈரமாக வைத்து, ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் கன்றை நட வேண்டும். அவசரப்பட்டால் வேர் வெந்துபோகும். தண்ணீர் மழைநீர்தான். ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரைப் பிடித்து மூடி வையுங்கள். கிழக்கு வெயில் போதும், மத்தியானத்துக்குப் பச்சை வலை. இவ்வளவு செய்தாலும் குடிக்கிற அளவுக்கு இலை கிடைக்காது. ஒரு பிள்ளைக்குக் கொழுந்து எப்படி இருக்கும் என்று காட்டலாம், அதற்காக வைக்கலாம்.

காய்ச்சுவதற்கும் தண்ணீர்தான் பிரச்சினை. உப்புத் தண்ணீரில் போட்ட கறுப்பு டீயின் மேல் எண்ணெய் மாதிரி ஒரு ஆடை மிதக்கும், நிறம் மங்கலாக இருக்கும். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து தேயிலைச் சாறோடு சேர்ந்து படிகிற படலம் அது. தூளைக் குறை சொல்கிறோம், குற்றம் போர்த் தண்ணீரில் இருக்கிறது. பால் சேர்த்தால் துவர்ப்புக் குறைவதற்கும் காரணம் உண்டு. பாலின் புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. தூளைப் பாலோடு நெடுநேரம் கொதிக்க விடாமல், தண்ணீரில் இறக்கி வடிகட்டி, அதன் மேல் பாலை ஊற்றுங்கள். நல்ல டீக்கடைப் பட்டறையில் துணிப் பைக்குள் தூளைப் போட்டுச் சாறு இறக்குகிறவர் இதைத்தான் செய்கிறார்.

போட்டு முடிந்த தேயிலைத்தூளைச் செடிக்குப் போடலாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறீர்கள். போடலாம், தழைச்சத்து இருக்கிறது. பாலும் சர்க்கரையும் கலந்த தூளை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். எறும்பு வரும், பூசணம் படரும். இரண்டு தண்ணீர் அலசிப் பிழிந்து, காய்ந்த சருகோடு கலந்து மக்க விடுங்கள். மக்கின பிறகு எந்தச் செடிக்கும் ஆகும். அதனால் மண் புளிப்பாகிவிடும் என்று எண்ணி இட்லிப்பூவுக்கு மூட்டை மூட்டையாகப் போட வேண்டாம், அவ்வளவு பலம் அதற்குக் கிடையாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு அரைக் கிலோ மண் கொண்டு வாருங்கள். மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழம் வரைக்கும் எடுங்கள், நிழலில் உலர்த்துங்கள், எந்த இடம் என்று சீட்டு எழுதிப் போடுங்கள். கூடவே ஒரு பாட்டில் போர்த் தண்ணீர். இரண்டுக்கும் இங்கேயே பி.எச். பார்த்து, எந்த வீட்டில் என்ன வைக்கலாம் என்று பேசி முடிவு செய்வோம். இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள்.